மூன்றாவது வரிசைக்குக் கேட்ட கிசுகிசு

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கூண்டில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து பேசிப் பேசியே அவளுக்கு மைக்கக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய பை எங்கே கிடக்கிறது, எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வெளியே போகும். கல்யாணமான புதிதில் மாமியார், "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்" என்றாராம். அவள் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவளை நாடகத்துக்குள் இழுத்துவிட்டது ஒரு குடை. யாரோ மறந்துவிட்டுப் போன அதைப் பற்றி ஒரு சாயங்காலம் அறிவித்தாள்: "கறுப்புக் குடை. கைப்பிடி உடைந்திருக்கிறது. இருந்தாலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது." பேருந்துக்கு நின்றிருந்த கால்நடை மருத்துவர் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, வந்த பேருந்தையும் விட்டுவிட்டுக் கூண்டுக்கே வந்தாள்.

"அக்கா, ஒரு குடைக்காக எனக்கு அழுகை வருது. எங்க குழுவுல நடிக்க வர்றீங்களா?"

"எந்த நடைமேடை?" என்றாள் மைக்கக்கா, பழக்கதோஷத்தில்.

நடைமேடை என்பது சோபாக் கடை ஒன்றின் பின்புறக் கிடங்கு. கடைக்காரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைக் கொடுத்துவிடுவார். உறையைக் கிழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மைக்கக்காவோடு சேர்த்து ஏழு பெண்கள். யார் உட்கார்ந்தாலும் பிளாஸ்டிக் உறை கறகறவென்று கத்தும். மாட்டு டாக்டர்தான் இயக்குநர். நடிகைகளையும் மாடுகளைப் போலவே நடத்துவாள்: முதுகில் தட்டிக்கொடுப்பாள், கண்ணை விரித்துப் பார்ப்பாள், முரண்டு பிடித்தால் கொம்பு முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். நாடகம் எழுதுவது கல்லூரி விரிவுரையாளர் ஒருத்தி. எல்லோருக்கும் டீச்சர். அவள் எழுதும் பெண்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நீயா, நாடகமா? வீட்டுல நடக்கறது போதாதா?" என்றார்.

"இங்க யாரும் கைதட்டறதில்லையே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மேடையில் அவளைக் கவிழ்த்தது குரலல்ல, கைகள். இத்தனை வருடம் மேசைமேல் சும்மா கிடந்தவை, எழுந்து நின்றதும் காயப்போட்ட துணி மாதிரி தொங்கின. இடுப்பில் வைத்தால் சண்டைக்காரி, கட்டிக்கொண்டால் காவல்காரி. மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்தாள் மாட்டு டாக்டர். "அக்கா, நீங்க படுதாவுக்குப் பின்னாடி உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுங்க. அதுக்குக் கை வேண்டாம்."

அங்கேதான் வந்தது வினை. மைக்கக்காவின் கிசுகிசு எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் காட்சிக்கு நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். நாயகியாக நடித்த நர்ஸ், ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டாள். மூச்சோடு வசனமும் போய்விட்டது.

"என் சிறகுகளைக் கத்தரித்தது யார்?" என்றது படுதா. மூன்றாவது வரிசை வரை எல்லோரும் யார் என்று நிமிர்ந்து பார்த்தார்கள். நர்ஸ் அதையே திருப்பிச் சொன்னாள். அடுத்த வரியும் மறந்தது. அதுவும் படுதாவிலிருந்து வந்தது. நான்காவது தடவை நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியும்! நானே சொல்லிக்கறேன்!"

"சரி, சொல்லுங்க பார்ப்போம்."

யாரோ இருமினார்கள்.

"முதல் எழுத்து மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

அதற்குப் பிறகு அந்தச் சோக நாடகம் தேறவில்லை. ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். ஒப்பனை அறையில் டீச்சர், "ஒன்றரை வருஷம் எழுதினேன். சிரிச்சுட்டாங்க" என்று விம்மினாள். மைக்கக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனாள். இரண்டு ஞாயிறு கிடங்குப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை, விசாரணைக் கூண்டுக்கு முன்னால் ஆறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மாட்டு டாக்டர் ஒரு தாளை உள்ளே நீட்டினாள். ஆளைக் காணோம் என்று எழுதிக்கொடுத்தால் வாசித்தே ஆகவேண்டும், அது நிலையத்தின் விதி. மைக்கக்கா மைக்கைப் போட்டாள்.

"பயணிகளின் கவனத்துக்கு. ஒரு அம்மாவைக் காணவில்லை. வயது நாற்பத்தைந்து என்று சொல்லிக்கொள்வார், நம்ப வேண்டாம். கிசுகிசுத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். கைகள் உண்டு, உபயோகம் இல்லை. கண்டுபிடிப்பவர்கள்..." தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கண்டுபிடிப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோபாக் கிடங்கில் ஒப்படைக்கவும். டீச்சருக்குக் கோபம் இல்லை."

மைக்கை அணைக்க மறந்து மூக்கைச் சிந்தினாள். நிலையம் முழுக்கக் கேட்டது.

டீச்சர் கண்ணாடித் துளையில் வாயை வைத்தாள். "கோபம் இருக்குக்கா. அந்த வரி டாக்டர் சேர்த்தது. ஆனா அன்னிக்கு எல்லாரும் முழிச்சிருந்தாங்க. என் நாடகத்துக்கு இதுவரைக்கும் அப்படி நடந்ததில்ல. நாம சேர்ந்து எழுதலாமா?"

எழுதினார்கள். டீச்சர் ஒரு பெருமூச்சு எழுதுவாள், மைக்கக்கா அதை அடிப்பாள். மனதில் இருப்பதையெல்லாம் மைக்கில் சொல்லத் தொடங்கிவிட்ட ஓர் அறிவிப்பாளரின் கதை. அந்த வேஷம் மைக்கக்காவுக்குத்தான். அவள் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கைகள் மேசையில் நிம்மதியாகக் கிடக்கும்.

இதே மாதிரி பெண்கள் நடத்தும் குழுக்கள் வெளியூர்களில் நான்கு உண்டு. வருடம் ஒருமுறை ஓரிடத்தில் கூடி, பாதி வெந்த நாடகங்களை ஒருவருக்கொருவர் போட்டுக்காட்டுவார்கள். அந்த வருடம் இவர்களும் இதைக் கொண்டுபோனார்கள். ஒரு குழுவின் தச்சுக்காரி பழைய ஜன்னல் சட்டங்களை வைத்துக் கூண்டு செய்துகொடுத்தாள். இன்னொரு குழுவின் எலக்ட்ரீஷியன் விளக்குகளைப் பார்த்துக்கொண்டாள். முழுக்கப் பார்த்த ஒரு வங்கிக்காரம்மா, "நடுவுல பத்து நிமிஷம் நீங்க ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க. போர் அடிக்குது. உங்க வீட்டுக்காரர் எங்க?" என்றாள்.

அந்தப் பத்து நிமிடம் போய், வீட்டுக்காரர் வந்தார்: "காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய கணவர், வழக்கம்போல் நாற்பது நிமிடம் தாமதம். தற்போது குளியலறையில் நிற்கிறார்."

சொந்த ஊரில் போட்டபோது நிஜக் கணவரும் வந்தார். அரங்கம் அதிர்ந்தது.

"என்னைப் பார்த்தா சிரிச்சாங்க?" என்றார் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே.

"அவங்கவங்க வீட்டுல இருக்கறதை நினைச்சுச் சிரிச்சாங்க."

அவர் யோசித்தார். அடுத்த காட்சிக்கு அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குளியலறை வரி வந்ததும் பக்கத்து இருக்கைக்காரரின் தொடையைத் தட்டி, "அது நான்தான்" என்றார். காட்சி முடிந்ததும் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார்.

"நாற்பது நிமிஷம்னு ஏன் சொல்றே? ஒரு மணி நேரம்னு சொல்லு. இன்னும் எடுபடும்."

"நாடகத்துல பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். இதுவரை ஒன்பது ஊர்களில் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் அவர் கேட்டுப் பார்க்கிறார்.