அளவு ஜாக்கெட்

வீட்டில் துணி தைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கத்தரிக்கோல். அதுவும் இரண்டு. ஒன்று துணிக்கு, இன்னொன்று வீட்டில் இருப்பவர்கள் பால் பாக்கெட் வெட்டுவதற்கு. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதும் உருப்படாது. என் வீட்டுக்காரர் ஒரு முறை என் துணிக் கத்தரியால் யூரியா மூட்டையைப் பிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் ஊசி, நூல், மெஷினில் நூல் சுற்றி வைக்கிற பாபின், தப்பாகப் போன தையலைப் பிரிக்க அரை பிளேடு, துணியில் கோடு போடத் தேய்ந்த சோப்புத் துண்டு, ஒரு இஸ்திரிப் பெட்டி. டேப்பைக் கடைசியாகத்தான் சொல்வேன். போன வருஷம் வரை அதை நான் துணியின் நீளம் பார்க்க மட்டுமே எடுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் உடம்பை அளக்கக் கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதைத் துணிமேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி சோப்பால் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான். கொடுக்கும்போது "இதே மாரி" என்பார்கள். தெருமுனைக்குப் போன பிறகு "கை மட்டும் கொஞ்சம் லூசா" என்று கத்துவார்கள். உத்திரமேரூர் பஜாரில் கடை வைத்திருக்கிற டெய்லர்களும் இப்படித்தான் தைக்கிறார்கள். என் பரணில் ஒரு மஞ்சள் பை நிறைய எங்கள் தெருவின் அளவுகள் கிடக்கின்றன.

அதில் ஒரு பச்சை ஜாக்கெட் என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் மகள் பெரியவளானபோது தைத்த ஜாக்கெட் அது. அதற்குப் பிறகு அவளுக்கு நான் தைத்ததெல்லாம் அந்த அளவில்தான்.

போன வருஷம் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி வந்து, காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததிலிருந்து நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு, அவ்வளவுதான். நடவுக்கு ஆள் விட்டு வரப்பில் நின்று வேலை வாங்கினவள், வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள். தாம்பூலத்தில் யாராவது ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தால் அதை என்னிடம் தள்ளிவிடுவாள்.

"நீ தெச்சி போட்டுக்கோ. எனக்கு இன்னும் எத்தினி நாளைக்கு?"

எனக்குக் கோபம் கோபமாக வரும். அந்தத் துணிகளை வாங்கி வைப்பேனே தவிர, ஒன்றைக்கூடத் தைத்துப் போட மனம் வரவில்லை.

இந்த நிலையில்தான் அவள் மகளுக்கு வளைகாப்பு வந்தது. தென்னேரிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிற பெண். ஏழாம் மாதம். அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "நான் வூட்லயே கீறேன். நீ சித்திதான, நீ போய் மொதோ வளையல் போடு." அந்தப் பெண் போனில் அழுத அழுகை என் காதிலேயே நின்றது. அம்மா வராவிட்டால் தனக்கு வளைகாப்பே வேண்டாம் என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உனக்கு நான் ஜாக்கெட் தெச்சித் தரேன். போட்டுப் பாரு, அப்பறம் பேசு" என்று அக்காவிடம் சவால் விட்டு வந்துவிட்டேன். அவளுடைய அரக்குப் பட்டுப்புடவைக்கு ஏற்ற துணி எடுத்து, லைனிங் வைத்து, கழுத்துக்கு பைப்பிங் வைத்து இரண்டு நாள் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். எந்த அளவில்? அந்தப் பச்சை ஜாக்கெட்டின் அளவில். பத்து வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பையிலிருந்து அதை எடுத்தது, விரித்தது, வெட்டியது. புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் துணி காலியாகச் சுருங்கித் தொங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கியே இருந்த இடது கையை ஜாக்கெட் கை பிதுங்கப் பிதுங்க இறுக்கியது. அவள் அழவில்லை. திரும்பி நின்று மெதுவாகக் கழற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டு, ஜாக்கெட்டை என் மடியில் வைத்தாள்.

"நீகூட என்ன பழைய ஆளுன்னே நெனச்சிக்கினு தெச்சிட்ட பாரு" என்றாள்.

அவளைச் சபைக்குக் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பி, அவள் எதை இழந்தாளோ அதையே அவள் மேல் மாட்டிவிட்டு நின்றேன். வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்து வந்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"துண்ட எடுக்கா. அளக்கணும்."

"இதெல்லாம் ஆஸ்பத்திரிலதான் பாப்பாங்க."

"நானும் பாப்பேன்."

அக்கா துண்டை எடுத்தாள். அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரை தழும்பு. பயந்துகொண்டுதான் பார்த்தேன். பார்த்ததும் தையல்காரி புத்தி முந்திக்கொண்டது.

"யாருக்கா இத்த தெச்சது? இவ்ளோ நேரா தெச்சிகீறாங்க! எனக்கே இப்பிடி வராது."

அக்கா சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான்.

வலது பக்கம் தனி, இடது பக்கம் தனி, கைகள் இரண்டும் தனித்தனி என்று அளந்து காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். உள்ளே பஞ்சு வைக்கட்டுமா என்று கேட்டேன். இந்த முறை கேட்டுத்தான் செய்தேன்.

"வை. ஆனா அத்தினி ஜனத்துக்கு முன்னால எடம் மாறிச்சின்னா உன்ன சும்மா வுட மாட்டேன்."

பஞ்சுக்கு உறை தைக்க மெல்லிய துணி வேண்டும் என்றதும் அவளே சொன்னாள்: "அந்தப் பச்சைய வெட்டு. தொவச்சித் தொவச்சி மெத்துனு கீது." என் நல்ல கத்தரியை எடுத்து அதை வெட்டினேன்.

வளைகாப்பன்று அக்கா அரக்குப் புடவையும், புது அளவில் நான் மறுபடி தைத்த ஜாக்கெட்டுமாக வந்து நின்றாள். அவளுக்கு இடது கை முழுக்கத் தூக்க வராது. மகள் அது தெரிந்து தன் கையைத் தாழ்த்தி நீட்டினாள். முதல் வளையல் அம்மா போட்டாள். எல்லோரும் வளையலைப் பார்த்தார்கள். நான் மட்டும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

நாலு நாள் கழித்து அக்கா துண்டு இல்லாமல், புடவை கட்டிக்கொண்டு தெருவில் நடந்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து, வளைகாப்பில் வந்த மூன்று ரவிக்கைத் துணிகளை எடுத்தாள். அவற்றின்மேல் புது அரக்கு ஜாக்கெட்டைத் துவைத்து மடித்து வைத்தாள்.

"இனிமே இதான் அளவு. ரெண்டு இப்ப தெய்யி. இந்த நீலம் மட்டும் பேரப்புள்ளைக்கு காது குத்தற அன்னிக்கு."

குழந்தை பிறந்து, அதற்குக் காது குத்த எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நீலத் துணியை அவள் பக்கமே தள்ளினேன்.

"அதுக்கு இன்னா இப்ப அவசரம்? அதுக்குள்ள நீ குண்டாயிடுவ. அப்ப புதுசா அளந்துக்கலாம்."

"ஆமா, அதுவும் சரிதான்" என்று அக்கா அந்தத் துணியைத் தன் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டாள்.