சிரிக்காமல் நிற்பவர்

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை. ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை.

திரையில் பழைய பிரிட்டிஷ் நகைச்சுவை இரட்டையர்; ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. கிளப்ஹவுஸில் கூடியிருந்த ரசிகர்கள் வசனங்களை முந்திக்கொண்டு சொல்லி, குட்டையானவரின் சேட்டைகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் அந்தக் குட்டையரைத்தான் கையால் மறைத்திருந்தார். குட்டையர் நகர நகர, கையும் நகர்ந்தது. சிரிக்காமல் நிற்கும் நெட்டையரை மட்டுமே பார்த்தார்.

"என்ன சார், கண்ணு கூசுதா?" என்றேன்.

"பிராக்டிஸ் பண்றேன். அடுத்த வாரம் தமிழ்ச் சங்கத்துல இவங்கள மாதிரியே ஒரு காமெடி. நான் நெட்டை, என் வொய்ஃப் குட்டை. போன வருஷம் ஸ்டேஜ்லயே சிரிச்சுக் கெடுத்துட்டேன்."

பக்கத்தில் இருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: "இந்தத் தடவையும் சிரிச்சீங்கன்னா, அடுத்த வருஷம் எதிர்வீட்டு அங்கிள்தான் எனக்குப் பார்ட்னர். அவர் கிரீன் கார்டு வந்தப்பகூட சிரிக்கல."

"சிரிக்க மாட்டேன், பாரு" என்றார் அவர். கையை இறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். மனைவியின் ஒவ்வொரு வசனத்துக்கும் அரங்கம் அதிர்ந்தது. அவர் முகத்தில் மீசைகூட அசையவில்லை. பாதி நாடகத்தில் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்த மனைவிதான், வசனத்தை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டார்.