ஜன்னலுக்கு வெளியே நின்ற பத்தாவது ஆள்

வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பங்களாவில் கார்களை விட்டு இறங்கியவர்களில் பலரோ வாசலில் வெறுந்தலையாக நின்றார்கள், உள்ளே போய்த் தொப்பி போட்டுக்கொண்டார்கள். எதிர் மலையிலிருந்து சில கண்கள் பார்த்துவிட்டன. போதாதா?

"ஒரு பொம்பள இல்ல. கதவச் சாத்துறாங்க. தொப்பி வேற," என்றார் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், இருமல் மருந்து கேட்கிற சாக்கில் பங்களாவின் பின்வாசலுக்கு என்னைத் தேடி வந்து. "ஆள் கொறைக்கத்தான் பேசுவாங்க. இல்லாட்டி நம்மள இந்தியாவுக்குக் கப்பலேத்த. நீங்க உள்ளதான இருக்கப்போறீங்க. கண்ணத் தொறந்து வைங்க ஐயா."

குடியுரிமையும் ஓட்டும் எங்கள் கையை விட்டுப் போயிருந்த வருடங்கள் அவை. யாரைப் பார்த்தாலும், இவன் யாருடைய ஆள் என்பதுதான் மனதில் முதலில் எழும் கேள்வி. மலையிறங்கும் பனிக்குக் கூட ஒரு முதலாளி இருப்பான் என்று நினைத்தோம்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற டிஸ்பென்சர். டாக்டர் யூதர், யுத்தத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர். தமிழைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் கற்றதால் எல்லோருக்கும் 'ங்க' போடுவார், தன் நாய்க்கும். "உக்காருங்க" என்பார். நாய் உட்காரும்.

முந்தின வாரம் அவரே என்னிடம் சொல்லியிருந்தார்: "எங்கம்மாவுக்கு ஒரு ஜெபம் சொல்லணுங்க. பத்து ஆம்பள வேணும். ஒம்போது பேரு இருந்தா சொல்ல முடியாதுங்க."

தாயார் அங்கே நாஜி வதைமுகாமில் இறந்தவர். எந்த நாள் என்று மகனுக்குத் தெரியாது. நாள் தெரியாத சாவுக்கு நாங்கள் அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்போம், துணைக்கு ஆள் தேவையில்லை. இவருக்கோ பத்து யூதர்கள் வேண்டும், அதுவும் இந்த மலையில். இத்தனை வருடங்களில் ஒருமுறையும் சேரவில்லை. கொழும்பு, கண்டி, ஹட்டன் என்று சொல்லியனுப்பி, தன்னையும் சேர்த்து இப்போதுதான் சரியாகப் பத்து.

நான் நம்பினேனா? பாதி.

நோயாளி யாராவது வந்தால் பார்த்துக்கொள்ள, ஹாலை ஒட்டிய அறையில் என்னை உட்கார வைத்தார். நடுக்கதவு திறந்திருந்தது. டாக்டர் விரலை நீட்டி, ஆளுக்கொரு சொல்லாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். அவை எண்கள் அல்ல. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை எங்கள் சனங்களை ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுவார். இது சங்கேதம், தலைவர் சொன்னது சரிதான் என்று முடிவு கட்டினேன். மனிதரை எண்ணால் எண்ணக்கூடாது, பத்துச் சொல் கொண்ட வேதவாக்கியம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகப் பங்கிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம் என்று டாக்டர் பிற்பாடுதான் சொன்னார். நெல் அளக்கும்போது எங்கள் ஆட்களும் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்பார்கள். சந்தேகம் புகுந்துவிட்டால் சொந்த வீட்டு வழக்கமே மறந்துபோகிறது.

கடைசி ஆளோடு கடைசிச் சொல்லும் முடிந்தது. உடனே கொழும்பு இரத்தினக்கல் வியாபாரி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புதிதாகப் பிறந்த இஸ்ரேல் அரசுக்கான ஜெபமாம். முதலில் இது, பிறகு மற்றது என்றார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினியர் எழுந்தார். பத்துப் பேரில் தாடி வைத்தவர் அவர் ஒருவர்தான். டாக்டர் வீட்டுக் கோப்பையில் தண்ணீர் கூடக் குடிக்காத ஆசாரம். அவர்தான் அந்த ஜெபம் வேண்டாம் என்றார். பேச்செல்லாம் இங்கிலீஷ். என் காதில் இப்படி விழுந்தது:

"கடவுள் அனுப்பப்போற ரட்சகர் வந்து கட்டவேண்டிய நாட்ட, கட்சிக்காரங்க கட்டியிருக்காங்க. அதுக்கு நான் ஆமென் சொல்லணுமா?"

"அந்த நாடு அப்பவே இருந்திருந்தா இவரு அம்மா தப்பிச்சிருப்பாங்க. உங்க தாடி யாரக் காப்பாத்திச்சு?"

"நீங்க ஜெபத்துக்கு வர்றதே கொடி புடிக்கத்தான்."

"மெஷின் ஓடலன்னா மெஷினுக்கே ஜெபம் சொல்ற ஆளு நீங்க. ஒரு நாட்டுக்குச் சொன்னா வாய் வலிக்குதோ?"

"எங்கம்மாவுக்கு எந்தக் கட்சியும் இல்ல," என்றார் டாக்டர். யாரும் காதில் வாங்கவில்லை. வியாபாரி தாளை வாசிக்கத் தொடங்கினார். எஞ்சினியர் வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

தாள் முடிந்தது. ஹாலில் ஒன்பது பேர். ஒருவர் என்னைக் காட்டி, "இவரு வந்து நிக்கட்டுமே. கடவுள் என்ன, பேரு சொல்லியா கூப்புடப்போறாரு?" என்றார். சிலர் சிரித்தார்கள். டாக்டர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போன திருவிழாவில், எந்தச் சங்கத்துக் கொடி கட்டுவது என்ற தகராறில் எங்கள் மாரியம்மன் தேர் பாதி வழியில் நின்றது. இரண்டு கட்சியும் வடத்தைப் போட்டுவிட்டுப் போக, அம்மன் மழையில் நனைந்தாள். அதே மழை இந்த ஹாலுக்குள்ளும் பெய்வதாகத் தோன்றியது.

வராந்தாப் பக்கத்து ஜன்னல் ஒன்று வெளியிலிருந்து திறந்தது. பனி உள்ளே வந்தது, அதன் பின்னால் தாடி. எஞ்சினியர் உள்ளே வரவில்லை. யாரையும் பாராமல், எதிர்ச் சுவரில் கண்ணை நட்டு, முகம் தெரிய நின்றார்.

டாக்டர் எழுந்துவிட்டார். வெளியே நிற்பவனின் முகம் ஜன்னலில் தெரிந்தால் அவனும் சேர்த்தி என்று அவர்கள் சாத்திரம் சொல்கிறதாம். ஜெபத்துக்குத் தலையை மூடவேண்டும் என்பதால் தொப்பியைப் போட்டுக்கொண்டு தாயாருக்கான ஜெபத்தைச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உள்ளிருந்து ஆமென் எழுந்தது. பனிக்குள்ளிருந்தும் ஒன்று, சற்றுப் பிந்தி.

பிறகு வராந்தாவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். எஞ்சினியர் கோப்பையைத் தொடவில்லை.

"முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாருங்க சேர்."

"நான் உள்ள வரலன்னு அவருகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். "தெரியுங்க," என்றார் டாக்டர், மூக்கைச் சிந்தியபடி.

எஞ்சினியர் ஜன்னலுக்கு வந்தது அந்தத் தாய்க்காகவா, வியாபாரியின் ஜெபத்தில் தான் சேரவில்லை என்று எல்லோரும் பார்க்கவா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

பாதைத் திருப்பத்தில் தலைவர் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சண்ட போட்டாங்களா?" அவர் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. "அப்ப நம்ம ஆளுங்க மாதிரித்தான்." வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "வெளிய நின்னவரயும் கணக்குல சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க."

"நம்மளும் வெளியதான நிக்கிறோம். மூஞ்சி தெரியத்தான் நிக்கிறோம்." கொஞ்சம் யோசித்தார். சந்தேகம் திரும்பிவிட்டது. "இந்தக் குளிர்ல ஜன்னலுக்குக் கொண்டி போடாம இருப்பாங்களா? வெளிய இருந்து தள்ளினா எப்பிடித் தொறக்கும்? யாரு வேல இது?"

தெரியாது என்றேன். ஆனால், கார்கள் வருவதற்கு முன்பு டாக்டர் ஹாலைச் சுற்றிவந்து, அந்த ஒரு ஜன்னலின் கொண்டியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டதை நான் பார்த்திருந்தேன்.