அளவெடுக்காமல் தைத்த ஜாக்கெட்

எங்கள் புடவைக் கடையில் சேலை கட்டிய பொம்மை கிடையாது. அந்த வேலையை, கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த காலத்திலிருந்து நான்தான் பார்த்து வந்தேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் மேசையில் விரித்ததைத் தடவிப் பார்ப்பார்கள், கரையைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் யாராவது ஒருத்தி அதை மேலே போட்டுக்கொண்டு நிற்காதவரை முடிவுக்கு வரமாட்டார்கள். கல்யாணப் பெண்ணையே நிறுத்தலாமே என்றால், அவள் வெட்கத்தில் கூனிக் குறுகி நிற்பாள். அவள் தலைதான் தெரியும், சேலை தெரியாது. அதனால் நான் நிற்பேன். முந்தானையைத் தோளில் வீசி, கொசுவத்தை இடுப்பில் பிடித்து, நிலைக்கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்புவேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அழகி என்ற நினைப்பா என்று கேட்டால், ஆமாம், அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு.

இடது மார்பில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் உயிரைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன். ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில் அந்தக் கண்ணாடியைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஆபரேஷன் செய்த டாக்டர், எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு அதே இடத்தில் சிலிக்கோன் பை வைத்துத் தைக்கலாம் என்றார். மாமியார், "இந்த வயசுல அது எதுக்கும்மா? சீலைக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குத் தெரியும்ல அத்தை" என்றேன். அதிகம் பேசாத கணவர் டாக்டரைப் பார்த்து, "வச்சுடுங்க" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன நல்ல வசனம் அதுதான் என்று இப்போதும் அவரைக் கேலி செய்வேன்.

ஆறுவதற்கு இவ்வளவு நாளாகும் என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முதலில் கையைத் தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். தலை வாரிவிடக்கூட ஆள் வேண்டியிருந்தது. மருந்தெல்லாம் முடிந்து, முடி மறுபடி முளைத்து, தழும்பும் கருஞ்சிவப்பிலிருந்து வெளிற ஆரம்பித்தது. இடது பக்கம் தோல் மரத்துப் போயிருந்தது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளிய மாதிரி இருக்கும். பண்டாரவளைப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்க் குளிரில் உட்கார்ந்திருந்தபோது, உடம்பெல்லாம் கம்பளிக்குள் சூடாக இருக்க, உள்ளே அந்த ஒரு இடம் மட்டும் சில்லென்று இருந்தது. அதுவும் பழகிப்போனது.

பழகாதது உருவம்தான். புதியது மேலே ஏறி, கெட்டியாக, புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் மாதிரி விறைப்பாக நின்றது. பழையது இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓய்வாக இறங்கி உட்கார்ந்திருந்தது. டாக்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "வீக்கம் வடியணும், தசை தளரணும், மெல்ல எறங்கும். அவசரப்படாதீங்க" என்றார். அப்படியும் சமமாகவில்லை என்றால் வலது பக்கத்தையும் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்து தூக்கிவிடலாம் என்றார். ஒன்றும் ஆகாத பக்கத்தில் கத்தி வைப்பதா என்று யோசித்தேன். ஆனாலும் தேதி வாங்கிக்கொண்டேன். அதற்குள் இறங்கினால் ஆயிற்று, இல்லையென்றால் போய்ப் படுப்பது என்று முடிவு.

அதுவரைக்கும் கடையில் கல்லாப் பக்கமே உட்கார்ந்தேன். சேலையைப் போட்டுக் காட்ட கடையில் நிற்கும் பெண்ணை அனுப்பினேன். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் எந்தச் சேலையைப் போட்டாலும் போனை எடுத்துத் தன்னையே ஒரு படம் பிடித்துக்கொள்வாள். வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "அக்காவுக்கு ஒடம்பு இன்னும் சரியாகலியா?" என்று யாராவது கேட்டால், "குளிரு, அவ்வளவுதான்" என்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இடமும் வலமுமாகத் திரும்பி, இறங்கிவிட்டதா என்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எதுதான் இறங்கும்?

கடையின் பின்பக்கம் ஒருத்தி மெஷின் போட்டுத் தைக்கிறாள். ஹாலி-எல பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், என்னைவிட இளையவள். கடைக்கு வருகிறவர்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். எங்கள் பக்கத்தில் ஜாக்கெட்டுக்கு யாரும் டேப்பை வைத்து அளவெடுப்பதில்லை. நன்றாகப் பிடித்திருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அதுதான் அளவு. ஒரே அளவு ஜாக்கெட்டைக் காட்டிப் பத்து வருஷம் தைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெண் பருத்தாலும் இளைத்தாலும் ஜாக்கெட் சொல்வதுதான் சட்டம். நானும் அப்படியே, கல்யாணக் காலம் நெருங்கியபோது, ஆபரேஷனுக்கு முந்தின பழைய ஜாக்கெட்டைப் புதுத் துணியோடு சுற்றி, கடைப் பெண்ணிடம் கொடுத்துப் பின்னால் அனுப்பினேன். நானே போயிருந்தால் அவள் என்னைப் பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். என் வியாதியைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. டீ கொண்டுவந்து வைக்கும்போது சர்க்கரை மட்டும் முன்னைவிட ஒரு கரண்டி கூடப் போட்டுத் தந்தாள்.

ஜாக்கெட் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டும் சமமாக இருந்தன.

நம்ப முடியாமல் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். சேலையைக் கட்டிப் பார்த்தேன், அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தேன். டாக்டர் சொன்னபடியே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கணவரைக் கூப்பிட்டு, "என்னங்க, பாருங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைச் சேலையைப் பற்றிச் சொல்கிறாரா என்னைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேட்டுச் சண்டை பிடித்தேன். சந்தோஷம் தாங்காமல் பிடித்த சண்டை அது. மறுநாளே கொழும்புக்குப் போன் செய்து, வலது பக்க ஆபரேஷன் வேண்டாம் என்று தேதியை விட்டுக்கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் கடையின் முன்பக்கம் நின்றேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். மொனராகலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்துப் பார்த்தே மாப்பிள்ளையின் அக்கா தங்கைகளுக்கெல்லாம் சேலை எடுத்தது. கடைப் பெண் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கவலைப்படவில்லை. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் அந்த ஜாக்கெட்டைத் துவைத்தேன். பதுளையில் மழைக்காலத்தில் எதுதான் சீக்கிரம் காய்கிறது என்று முதலில் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் கொடியில் மற்றதெல்லாம் காய்ந்தபிறகும் ஜாக்கெட்டின் வலது முன்பக்கம் மட்டும் ஈரமாகவே இருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் என்னவோ தடித்தது. பிளேடால் தையலைப் பிரித்தேன். உள்ளே ஸ்பான்ஜ். மார்பு எடுப்பாகத் தெரிய ஜாக்கெட்டுக்குள் வைப்பதற்கென்று நாங்கள் கடையில் பாக்கெட்டில் விற்கிற கப்தான். ஓரமெல்லாம் சீவி மெல்லிசாக்கி, உள்ளாடைக்கு மேல் உறுத்தாதபடி அவ்வளவு நேர்த்தியாக வைத்துத் தைத்திருந்தாள். நான் புதுத் துணியின் மொடமொடப்பு என்று நினைத்திருந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் இறங்கவில்லை. நான் கடையில் நின்று திரும்பித் திரும்பிக் காட்டியதெல்லாம் ஒரு துண்டு ஸ்பான்ஜின் தயவு. கொழும்புத் தேதியையும் விட்டாயிற்று. முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம்தான் சௌகரியம், அதனால் அதையே வைத்துக்கொண்டு ஈர ஜாக்கெட்டோடு கடைக்குப் போனேன்.

அவள் வெட்டுகிற மேசையில் குனிந்திருந்தாள். ஜாக்கெட்டை அவள் முன்னால் போட்டேன். "இது என்னா?" என்றேன்.

அவள் பிரிந்த தையலைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றாள். "ஒரு பக்கம் எடுத்துட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ஒங்ககிட்ட எப்படிக் கேக்குறது? நீங்களும் பழைய ஜாக்கெட்டத்தான் அனுப்புனீங்க. அதே அளவுக்குத் தச்சா அந்தப் பக்கம் தொளதொளன்னு நிக்கும், நாலு பேரு முன்னால ஒங்களுக்கு அசிங்கமாயிரும். அதான் எடுத்த பக்கத்துக்கு வச்சேன்."

"எடுத்த பக்கமா?"

"ஆமாங்கக்கா. இந்தப் பக்கம்" என்று என் வலது மார்பைத் தயங்கித் தயங்கிக் காட்டினாள். "நீங்க கல்லால ஒக்காந்திருக்கப்ப பாத்தேன். இதுதான் கொஞ்சம் எறங்கி வாடித் தெரிஞ்சிச்சு. அது நல்லா கும்முன்னு இருந்திச்சு, அதான் அத விட்டுட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தேன். நிற்க முடியாமல் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மாவட்டம் முழுக்கப் பெண்களின் உடம்புக்குத் துணி வெட்டுகிறவள், டாக்டர் வைத்ததைப் பெற்ற தாய் கொடுத்தது என்றும், பெற்ற தாய் கொடுத்ததைக் காணாமல் போனது என்றும் தீர்மானித்து, பாவப்பட்டு அதற்கு ஸ்பான்ஜ் வைத்திருக்கிறாள். ஒரு வருஷமாக நான் எதைப் பார்த்து எதற்காக அழுதேன்?

"இதுடி எடுத்தது" என்று இடது பக்கத்தைக் காட்டினேன். "எடுத்துட்டு வேற வச்சிருக்கு."

வாயைத் திறந்தவள் மூடவில்லை. "அப்ப இது?"

"இது என்னுது. ரெண்டு பிள்ள குடிச்சது. நீ அதுக்குத்தான் முட்டுக்கொடுத்திருக்க."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோகுதாக்கா?" என்று கேட்டாள். அத்தனை மாதத்தில் அதைத்தான் அவள் கேட்க நினைத்திருக்கிறாள். நோவு இல்லை, மரத்துப் போயிருக்கு, குளிருக்கு மட்டும் சில்லுன்னு இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, டேப்பை எடு என்றேன். அவள் இடதைத் தனியாகவும் வலதைத் தனியாகவும் அளந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நான் பட்ட பயம் அவள் விரலுக்கு முன்னால் வரவில்லை. கொழும்புக்கு மறுபடி போன் செய்து தேதி கேட்கலாமா என்று அன்று மாலை ஒரு தடவை நினைத்தேன். கணவரிடம் கேட்டேன். "நல்லாருக்கற பக்கத்த எதுக்கு வெட்டணும்?" என்றார். அது எனக்கும் தோன்றிய பதில்தான், ஆனாலும் அவர் சொல்லிக் கேட்டது நன்றாக இருந்தது.

ஸ்பான்ஜ் இல்லாத புது ஜாக்கெட் வந்த நாளில் பெரகலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பெண்ணின் அம்மா கொழுந்து பறிக்கிறவள், கண் கூர்மை. நான் மாம்பழ நிறத்தில் ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அந்தம்மா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கலரு நல்லாருக்கு. ஆனா இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா நிக்குதே, சேல இழுக்குதோ?" என்றாள்.

கடைப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பின்னால் தையல் மெஷின் நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் குளிர் என்று சொல்லவில்லை, முந்தானையை இழுத்து மூடவும் இல்லை.

"சேலயில கொற இல்லீங்க" என்றேன். "அந்தப் பக்கம் கேன்சர் வந்து எடுத்துட்டு வேற வச்சிருக்காங்க. அதான் கொஞ்சம் ஒசந்திருக்கு. ஒங்க மகளுக்கு நேரா நிக்கும்."

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடியில் இருந்த என்னையும் பார்த்தாள். தன் வலது தோளைத் தட்டி, "எனக்கு இது எறங்கிப் போச்சுங்க, பாரம் தூக்கித் தூக்கி" என்றாள். பிறகு மகளை முன்னால் தள்ளி, "இதையே எடுத்துக்கடி. இவங்களுக்கே இப்படி நல்லா இருக்குன்னா ஒனக்கு என்னா?" என்றாள்.