குளியலறை வரிசை யாருடையது

என் மனைவி மென்பொருள் எழுதுகிறவள். எங்கள் கூடத்துச் சுவரில் அவள் பெயர் போட்ட கேடயம் ஒன்று தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களில் யார் முதலில், யார் பிறகு என்று வரிசைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கினாள். கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு, இவளுக்கு இந்தக் கேடயத்தைக் கொடுத்தது. சுவரில் ஆணி அடித்தவன் அவள் தம்பி. "அக்கா பெரிய ஆளாயிட்டா மாமா" என்று சுத்தியலோடு நின்று சிரித்தான்.

காப்புரிமைக்காக அவள் ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். கம்பெனி வக்கீல் படித்துவிட்டு, "இவ்வளவு புரியிற மாதிரி இருந்தா தர மாட்டாங்கம்மா" என்றார். அவர் மாற்றி எழுதியதைப் படித்து இவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டாள்.

மச்சினன் சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு டோக்கன் மென்பொருள் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். போன வருடம் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிடமிருந்து அவனுக்கு நோட்டீஸ் வந்தது: எங்கள் காப்புரிமையை மீறுகிறாய், நிறுத்து. நேரே அக்காவிடம் ஓடி வந்தான். அவள் புரட்டிப் பார்த்தாள். 'காத்திருப்போர் முன்னுரிமையின் இயங்குநிலை மறுபங்கீடு' என்று என்னென்னவோ இருந்தது.

"இது வேற எதுவோடா. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கண்டுக்காத."

அவனும் கண்டுகொள்ளவில்லை. அடுத்தது கோர்ட்டிலிருந்து வந்தது.

அக்காவும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து, அதில் இருந்த காப்புரிமை வாசகத்தை வரி வரியாகச் சாதாரணப் பேச்சுக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

"அவசரமா கிளம்பறவங்கள முன்னாடி விடணும்" என்றான் அவன். "ஆனா ரெண்டு தடவை வழிவிட்டவங்கள மூணாவது தடவை யாரும் தாண்டக் கூடாது."

எங்களோடு இருக்கும் என் மாமியார் துணி மடிப்பதை நிறுத்தினார். "இது நம்ம பாத்ரூம் வரிசை இல்ல?"

என் மனைவி பிறந்து வளர்ந்த வீட்டில் ஆறு பேருக்கு ஒரே குளியலறை. காலைச் சண்டை பொறுக்காமல் மாமியார் போட்ட சட்டம் அது. இன்று எங்கள் வீட்டிலும், மச்சினனின் டோக்கன் மென்பொருளிலும் அதுதான் சட்டம். என் மனைவி கேடயத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இது நான் செஞ்சதுதான்டா. எங்க கம்பெனி இவங்களுக்கு வித்திருக்கும்."

"நீ சொன்னா விட்டுருவாங்களாக்கா?"

"என்னுது இல்லடா. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

எனக்கு மண்டை காய்ந்தது. அந்தச் சட்டத்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் பொருந்த வைக்க இவள் ஒரு வருடம் தூக்கம் கெட்டாளே, அதற்கு மதிப்பு வேண்டாமா? வேண்டும். அப்படியானால் மச்சினன் யாரிடம் திருடினான், பெற்ற தாயிடமா? தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன்.

"வெறும் கணக்குக்குக் காப்புரிமை கிடைக்காது சார். கணக்க மெஷின்ல போட்டா கிடைக்கும். சில சமயம்."

"அப்போ எங்க மாமியார்?"

"அவங்க மெஷின் இல்லையே சார்."

அதற்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வழக்காடும் தெம்பு மச்சினனுக்கு இல்லை. ஒவ்வொரு கிளினிக்காகப் போய்த் தன் மென்பொருளை எடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை துண்டும் கையுமாகக் குளியலறை வாசலில் நின்றான். எனக்கு ஒரு தடவை வழிவிட்டான், என் மகளுக்கு ஒரு தடவை. இனி அவனை யாரும் தாண்ட முடியாது. ஆபீசுக்கு நேரமாகி ஓடி வந்த அக்காவைப் பார்த்ததும் விலகி நின்றான்.

"நீ போக்கா. உன்னுதுதானே."

கேலியா கோபமா, எனக்குத் தெரியவில்லை. அவள் போகவில்லை. அவனும் போகவில்லை. குளியலறைக் கதவு திறந்தே கிடக்க, "யாராவது ஒருத்தர் போங்களேன்" என்று மாமியார் சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.