ஆட்டிப் பார்த்த பல்

போன புதன்கிழமை, கள்ளக்குறிச்சியில் ஒரு பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் திரையில் என் மாமாவின் தாடையைப் பார்த்தேன். அக்காவின் கணவர். மாட்டுத் தரகர். வயது ஐம்பத்தெட்டு.

இரண்டு எக்ஸ்ரே. ஒன்று ஆறு மாதத்துக்கு முன் எடுத்தது. மற்றது அன்று காலை. கீழ்வரிசையில் இரண்டு முன்பற்கள். இரண்டு படத்திலும் அவற்றைச் சுற்றி அதே இருட்டு. வெள்ளையாக எலும்பு வளர்ந்திருக்க வேண்டிய இடம்... ஆறு மாதம் காத்திருந்தது எதற்கு?

ஈறு நோய் சத்தம் போடாது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை உள்ளுக்குள்ளேயே கரைக்கும். ஒருநாள் பல் ஆடும் – அப்போதுதான் நமக்கு விழிப்பு வரும். முதல் படம் எடுத்த கையோடு மாமாவுக்கு ஈறைத் திறந்து, சுத்தம் செய்து, எலும்புப் பொடி நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு வைத்துத் தைத்தார்கள். பல் அசையாமலிருக்கப் பின்பக்கம் ஒரு கம்பி.

"எலும்பு தானா வளரணும் ஐயா. அதுவரைக்கும் அந்தப் பல்ல மறந்துடுங்க" என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண்.

பல்லையே எடுத்துவிடலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். மாமா ஒப்பவில்லை. ஏன் தெரியுமா? சந்தையில் பல் போன மாட்டை ஏர் ஓட்டுகிறவன் வாங்கமாட்டான். அது அடிமாடாக நேரே லாரி ஏறும். எத்தனையோ மாடுகளை ஏற்றிவிட்டவர் மாமா.

"நான் பொக்கவாயோட போய் நின்னா, 'இன்னா தரகரே, நீ எப்போ லாரி ஏறப்போற'ன்னு கேப்பானுங்க மச்சான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன்.

"கம்பி எப்பங்க ஐயா பிஞ்சுது?"

"அது... ரெண்டாம் மாசமே பூடுச்சு, டாக்டரம்மா."

"ஏன் வந்து காட்டல?"

"பல்லு நல்லாத்தானே கீதுன்னு வுட்டுட்டேன்."

"கை வச்சீங்களா?"

"சேச்சே! தொடவே இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உதட்டைக் கீழே இழுத்து, பல்லைப் பிடித்து, முன்னும் பின்னும் ஓர் அசைப்பு! வயது கணிக்க மாட்டின் வாயைப் பிளந்து, நாலு பல்லா ஆறு பல்லா, கெட்டியா லொடலொடப்பா என்று பார்க்கும் அதே பிடி. முப்பது வருடப் பழக்கம். விரல்கள் போனது அவருக்கே தெரியவில்லை.

டாக்டரின் குரல் தணிந்தது. "இதாங்க ஐயா காரணம். வேர் விடுறத தெனமும் புடுங்கிப் பாத்திருக்கீங்க. இனிமே எடுத்துத்தான் ஆகணும்."

ஊசி போட்டார். இரண்டையும் எடுத்தார். சிரமமே இல்லை – அதுதான் கொடுமை. பழுத்த இலைகூடக் காம்பை விட இன்னும் கொஞ்சம் யோசிக்கும்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம். வாயில் பஞ்சு. வெளியே கரும்பு, கரும்பு, கரும்பு. எனக்குத்தான் அடங்கவில்லை.

"அப்படி என்ன மாமா அவசரம்? எதுக்குத் தெனம் ஆட்டிப் பாத்தீங்க?"

பஞ்சைக் கடித்தபடியே திரும்பினார்.

"நீதான மச்சான் தெனம் போனப் போட்டு 'கெட்டியாச்சா, கெட்டியாச்சா'ன்னு கேட்டுக்கினு இருந்த? பாக்காம எப்டிச் சொல்றது?"

ஒவ்வொரு முறையும் போனில் அவர் பதில் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொள்வேன்.