செண்டுமல்லியைப் பிடுங்கியது நான்

எங்கள் அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் வணக்கம். எனக்கு ஆறாவதோடு படிப்பு நின்றது. தெரிந்த மட்டும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சூளகிரி பக்கம். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மாவோடு ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்த்தான் அக்கா செடி வேலை கற்றார். கட்டிக்கொடுத்தது மத்திகிரியில். மச்சான் சீக்கிரம் போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். எனக்குக் கன்னடம், தெலுங்கு வரும் என்பதால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அக்கா எனக்குக் கீழே வேலை செய்தார். கேட்டுக்குள்ளே என்னை "சார்" என்பார். கேட் தாண்டினால் "டேய்".

கம்பெனி வாசலில் நீளமாகச் செம்பருத்தி வேலி. அதில் மாவுப்பூச்சி வரும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டிச் சாறு உறிஞ்சும். மருந்து அடித்து அடித்து அக்காவுக்குக் கையில் தோல் உரிந்தது. அப்புறம் அவரே ஒரு வழி பார்த்தார். செம்பருத்திக்கு நடுநடுவே செண்டுமல்லி நட்டார். ஓரத்தில் கொத்தமல்லி விதைத்துப் பூக்க விட்டார்.

"பூ இருந்தா பொறிவண்டு வரும் சார். அதுவும் அது குட்டியும் மாவுப்பூச்சிய தின்னுரும். கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அப்படியே நடந்தது. மருந்து டப்பாவைத் தொடும் வேலை இல்லாமல் போனது.

மூன்று வருஷம் முன்பு கம்பெனிக்குப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. மகளைக் காலேஜில் சேர்க்க அக்கா இரண்டு நாள் லீவு. நான் வேலியைப் பார்த்தேன். இலையெல்லாம் வெள்ளைப் புழு. பயந்துபோய் ஆளை வைத்து மருந்து அடித்தேன். செண்டுமல்லிதான் பூச்சியை இழுத்தது என்று அதையும் பிடுங்கிப் போட்டேன். அக்காவுக்கு ஒரு போன் போடவில்லை. சூப்பர்வைசர் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

அக்கா வந்து பார்த்தார். சாகாமல் மிச்சமிருந்த புழு ஒன்றை உள்ளங்கையில் விட்டுக் காட்டினார். அது ஓடியது.

"இது என்னா சார்?"

"மாவுப்பூச்சி."

"மாவுப்பூச்சி இப்படி ஓடுமாடா? இது பொறிவண்டோட குட்டி. மேல வெள்ளைச் சட்டை போட்டிருக்கும், அவ்ளோதான். போலீச அடிச்சிட்டுத் திருடன விட்டுட்ட."

கேட்டுக்குள்ளே என்னை டா போட்டது அன்று ஒரு நாள்தான்.

பூச்சியைத் தின்னப் பொறிவண்டு இல்லை. தப்பிய மாவுப்பூச்சி பெருகியது. வேலி பாதி காய்ந்தது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்தம்மா செண்டுமல்லி வெச்சாங்க சார். அதுல இருந்து ஏறிடுச்சு" என்றேன்.

அக்கா பக்கத்தில்தான் நின்றார். மறுநாள் அவரைக் கேண்டீனில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். செடியைக் கெடுத்த அம்மா என்று பேர் ஆனது. கடைசி வரை அந்தப் பேரோடுதான் வேலைக்குப் போனார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதையும் நிறுத்தவில்லை.

பிறகு சர்க்கரை முற்றிக் கிட்னி போனது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கூட இருந்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் வரை வரும். இட்லி வேணுமா, போர்வை வேணுமா என்றுதான் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் அக்கா இல்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். கம்பெனி ஆட்கள் படிக்க வேண்டும். வேலி காய்ந்தது அக்காவால் இல்லை, என்னால். மேனேஜரிடம் நான் சொன்னது பொய். இந்த மலர் அவருக்கும் ஒன்று போகிறது.

கேண்டீன் பெண்கள் முறை போட்டு வந்து அக்காவைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்தார். அவர்களை எங்கள் குடும்பம் மறக்காது.

இதற்கு மேலே உள்ளதைக் கம்ப்யூட்டரில் அடித்தது அக்கா மகள். அதுவரை அவளுக்கும் தெரியாது. பாதியில் நிறுத்தினாள்.

"இது அச்சுல வரணுமா மாமா?"

"வரணும்."

ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்து முடித்தாள். அன்றைக்கு என்னைச் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை. அவளுக்கும் என் நன்றி.